ஆயிஷாம்மாவின் பீடியைக் கழித்த கதை

பீடிக் கம்பெனியில் சரிபார்க்கிற மேஸ்திரிக்குச் சொர்க்கத்தில் இடம் கிடையாது என்று செவ்வாய்ப்பேட்டைப் பெண்கள் முடிவு செய்து வெகுநாளாகிறது. மேலே முதலாளி, கீழே கூலிக்காரர், நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் உங்களுக்கும் வாய்த்திருந்தால் என் பாடு புரியும்.

என் வேலை

வீட்டில் சுற்றிய பீடியைப் பெண்கள் சாயங்காலம் முறத்தில் கொண்டுவருவார்கள். தூள் குறைவு, நூல் தளர்வு, இலை கிழிசல் என்று நான் கொஞ்சத்தைக் கழித்துத் தள்ளுவேன். கழிவுக்குக் கூலி கிடையாது. பீடியும் திரும்பக் கிடைக்காது. அது பின்கட்டுக்குப் போய் வேறு லேபிள் ஒட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விடும். "இன்னிக்குக் கழிவு கம்மியா இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று முதலாளி கேட்டுவிட்டால், மறுநாள் நல்ல பீடியிலும் நான் குற்றம் கண்டுபிடித்தாக வேண்டும். வயிற்றுப்பாடு, வேறென்ன சொல்ல.

ஆயிஷாம்மாவின் முறத்தில் மட்டும் என் கை நீளாது. பதினைந்து வருஷத்தில் அவர் பீடி ஒன்றுகூடக் கழிந்ததில்லை. அவ்வளவு சுத்தம். அவருக்கு அடுத்த வீடு, தறிக்காரர் சம்சாரம் ராஜம்மா. தினமும் கழிவு வாங்குகிறவர். ஒருநாள் நான் கழித்ததையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க மேஸ்திரி, போன வாரம் நீங்க கழிச்ச பீடியத்தான் எங்க ஊட்டுக்காரரு நேத்து சந்தையில காசு குடுத்து வாங்கியாந்தாருங்க."

உத்தரவு வரப்போகிறது

சுதந்திரம் வந்த புதிது. பீடி சுற்றுகிறவர்களுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கூலி தரவேண்டும் என்று சர்க்கார் நிர்ணயம் பண்ணப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ரேஷன் கார்டுக்கு உண்டான அரிசியை முழுசாக வாங்கக் காசில்லாமல், பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிற வீடுகள் அவை. ஆயிஷாம்மா வீட்டில் சாப்பிடுகிற வாய் ஆறு. கணவர் காலமாகிவிட்டார். சம்பாதிக்கிற கை அவருடையது மட்டும்தான். அந்தத் தெருவே உத்தரவை எதிர்பார்த்திருந்தது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கூலி விசாரிக்க லேபர் ஆபீசர் வர்றாராம். வந்து கேட்டா, பொம்பளைங்க சும்மா பொழுது போகாம சுத்தறாங்கன்னு சொல்லு."

ஆபீசரின் கடியாரம்

அந்த ஆபீசர் சேலத்து வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார், பாவம். நல்ல மனிதர். பெண்களைக் கம்பெனிக் கொட்டகையில் உட்காரவைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை பீடி சுற்றுகிறார்கள் என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் ஆயிரம் பீடிக்கு என்ன கூலி தரலாம் என்று மேலிடத்துக்கு எழுதுவார். மெதுவாகச் சுற்றினால், இப்போதைய கூலி பற்றாது என்று எழுதுவார். வேகமாகச் சுற்றினால், இதுவே தாராளம் என்று எழுதிவிடுவார். முந்தின நாளே இதைப் பெண்களிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

ஆபீசர் கடியாரத்தை எடுத்ததும் அத்தனையும் மறந்து போயிற்று. அவ்வளவு பெரிய மனுஷர் வந்து கைவேலையைப் பார்க்கிறபோது மந்தமாகச் சுற்றினால் மானம் என்ன ஆவது? ராஜம்மா ஓரக்கண்ணால் பக்கத்து முறத்தைப் பார்த்தார். ஆயிஷாம்மா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டார். அவ்வளவுதான், போட்டி ஆரம்பமாகிவிட்டது. நான் இருமினேன். கண்ணைக் காட்டினேன். குறுக்கே போய்த் தண்ணீர்ச் சொம்பைக்கூட உருட்டிவிட்டேன். ஒருத்தராவது நிமிர வேண்டுமே. முதலாளிக்கு வாயெல்லாம் பல். மணி முடிந்து எண்ணிப் பார்த்த ஆபீசர் அசந்துபோனார். ஆயிஷாம்மா அடக்கமாகச் சொன்னார்: "இலை கொஞ்சம் காஞ்சு போச்சுங்க அய்யா, இல்லாட்டி இன்னும் சுத்தியிருப்பேன்."

கழிவு

ஆபீசர் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, "இருங்க சார், இன்னும் கழிவு பார்க்கலை. பாஸான பீடிக்குத்தான் கூலி" என்று முறங்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ராஜம்மாவுடையதில் பாதியைத் தள்ளினேன். பிறகு ஆயிஷாம்மாவுடையதிலும் பாதி. அத்தனையும் தங்கமான பீடி. அந்த அம்மாள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"தினமும் இவ்வளவு கழிப்பீர்களா?" என்றார் ஆபீசர். "முதலாளியையே கேளுங்க சார்" என்றேன். முதலாளி திருதிருவென்று முழித்தார். இது நல்ல பீடி என்று அவர் சொன்னால், அப்புறம் தினமும் எதைக் கழிக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார்: "ஆமாங்க, நம்ம கம்பெனிக்குப் பேரே இந்தக் கண்டிப்பாலதானுங்க."

கூலி ஏறிய வாரம்

மிச்சம் இருந்த பீடியை மட்டும் ஆபீசர் கணக்கில் எழுதிக்கொண்டு போனார். சில மாதத்தில் உத்தரவு வந்தது. ஆயிரத்துக்குக் கூலி ஏறியது. கழிவும் ஓர் அளவுக்கு மேல் போகக்கூடாது என்று அதிலேயே ஒரு வரி இருந்தது. முதலாளி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு நீக்கவும் பயம், பின்கட்டுச் சமாசாரம் முழுக்க எனக்குத் தெரியுமே. ராஜம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆயிஷாம்மா புதுக் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "இந்த வாரம் அரிசி முழுசா வாங்கிட்டீங்களாம்மா?" என்று நானே மெல்ல ஆரம்பித்தேன். "வாங்கிட்டேன். எதுக்குச் செஞ்சீங்கன்னு தெரியும், உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கட்டும்" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "ஆனா அத்தன பேரு முன்னால என் பீடியக் கழிச்சுப்புட்டீங்களே மேஸ்திரி."

என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதற்குத்தான் இன்னும் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.