நடுவில் அகப்பட்ட கிங் சோடி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வோபர்னில், ஒரு வீட்டுக்குக் கீழே ஒரு பேஸ்மென்ற். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அங்கே மூன்று பேர் காட்ஸ் விளையாடுவோம்: வீட்டுக்காரர், அக்காவின் புருஷனான அத்தான், நான். அத்தானுக்கு விளையாட்டுப் பைத்தியம். அவரைக் காவல் பார்க்கத்தான் அக்கா என்னைக் கூட அனுப்புவாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எதற்கும் யோசிப்பவன். அங்கே யோசிக்கக் காரணமும் இருந்தது. போன மாதம் அதே மேசை விளிம்பில் ஒருவனின் வாயை மோதிப் பல்லை உடைத்தவர் வீட்டுக்காரர். படிக்கட்டுக் கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் காட்ஸ் போடுவார். நாங்கள் இரண்டு பேரும் முழுசாக மேலே ஏறிப் போகவேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

ஆளுக்கு ஏழு காட்ஸ், நாலு திறந்தபடி. மேசையில் சேரும் காசில் பாதி பலமான காட்ஸ் சேர்ந்த பெரிய கைக்கு, பாதி சின்னக் கைக்கு. சின்னக் கை என்றால் எட்டும் அதற்குக் கீழும் உள்ள வேறுவேறான ஐந்து காட்ஸ். கிங் சோடி வந்தவனுக்குச் சின்னப் பாதி லேசில் கிடைக்காது. ஆகையால் அவன் தொடக்கத்திலேயே காசை ஏற்றி, சின்னது தேடுகிறவர்களைக் கலைக்க வேண்டும். கலையாவிட்டால் சோடியை எறிந்து ஆட்டத்திலிருந்து விலகிவிட வேண்டும். இரண்டுங்கெட்டு நின்றால் இரண்டு பக்கமும் அடி விழும்.

அன்றைக்கு வீட்டுக்காரர் இரண்டுங்கெட்டு நின்றார். ஒரு கிங்கைத் திறந்து வைத்து, மற்றதை ஒளித்துக்கொண்டு, ஏற்றாமல், மற்றவர்கள் வைத்ததற்குச் சமமாக வைத்தபடி வந்தார். எனக்குச் சின்னக் கை பொருந்திவிட்டது. அத்தானுக்கு மூன்று ஒன்பது, சோடியை வெல்கிற பெரிய கை. கடைசிச் சுற்றில் அத்தான் ஏற்றினார், நானும் ஏற்றினேன், அத்தான் திரும்ப ஏற்றினார். நடுவில் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் காசை மேசையில் குத்தி வைத்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இனி ஏற்றுவதில்லை என்று அத்தான் வைத்ததற்குச் சமமாக வைத்துவிட்டு நிறுத்தினேன்.

“நல்லாத்தானே ஏத்திக்கொண்டு வந்தனீ,” என்றார் வீட்டுக்காரர். “இப்ப ஏன் நிப்பாட்டினனீ?”

“இவ்வளவு காணும் எண்டு நினைச்சன் அண்ணை.”

“ஆருக்குக் காணும்? உவன் உனக்குக் கண் காட்டினவன்.”

வீட்டுக்காரர் ஊரில் முந்நூற்றிநாலு என்கிற காட்ஸ் ஆட்டம் விளையாடிப் பழகியவர். அந்த விளையாட்டில் எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. இருமலுக்கும் கண்சிமிட்டலுக்கும் அர்த்தம் உண்டு. இந்த விளையாட்டில் கட்சி கிடையாது. ஆனால் அத்தான் எனக்கு எதிரேதான் இருந்தார்.

நான் இல்லை என்று சொல்லி முடியவில்லை. வீட்டுக்காரர் எழும்பினார், தான் குந்தியிருந்த மடிக்கிற இரும்புக் கதிரையைத் தூக்கினார், காசின்மேல் கிடந்த அத்தானின் கையில் இறக்கினார். விறகு முறிகிற சத்தம். அத்தான் கையை இழுக்கப் பார்த்தார். இரண்டாம் தரமும் இறக்கினார். பிறகு கதிரையின் காலால் முகத்தில் ஒன்று. அத்தான் சரிந்து, கீழே சிந்திக் கிடந்த பியரிலேயே விழுந்தார். மூக்கிலிருந்து இரத்தம் குமிழியாய் வந்தது. நான் கதவைப் பார்த்தேன், வீட்டுக்காரருடைய சட்டைப் பையைப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் கதிரையை விரித்து அதிலேயே இருந்தார். எங்கள் காட்ஸைத் திருப்பி வடிவாகப் பார்த்தார். மேசைக் காசை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

“எடு. கள்ளம் செய்யேல்லையெண்டால் எடு.”

எடுக்காவிட்டால் நாங்கள் கள்ளர். எடுத்தால், அத்தானின் இரத்தம் தெறித்த தாள்களை அவர் கண் முன்னாலேயே மடிக்க வேண்டும். மடித்துப் பையில் வைத்தேன். மற்றப் பாதியை அத்தானின் ஜக்கெற்றுக்குள் வைக்கச் சொன்னார், அதையும் செய்தேன். அதன் பிறகுதான் திறப்பை எறிந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியது நான். அத்தான் கையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

“நீ இன்னொருக்கா ஏத்தியிருந்தா அவன் காட்ஸை எறிஞ்சிருப்பான்,” என்றார்.