அண்ணன் இலையில் நான் வைத்த சோறு

இந்நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும் பணிவான வணக்கம். அண்ணன் அவர்களின் முதலாண்டு நினைவுநாளில் அவர்கள் வாழ்வை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

அண்ணன் அவர்கள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, இளவயதிலேயே சென்னைக்கு வந்து, வடபழனித் தெருக்களில் துணிமூட்டை சுமந்து விற்று, பின்னர் தியாகராய நகரில் ஜவுளிக்கடை கண்டார்கள். மதியத்தில் முதலாளியும் பணியாளரும் ஒரே வரிசையில் இலை போட்டு உண்ண வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை.

அண்ணனுக்கு நீரிழிவு கண்டதும் மருத்துவர், மதியம் ஒரு கிண்ணம் சோறும் அதைவிட மிகுதியாகக் காய், கீரையும், இரவில் இரண்டு சப்பாத்தியும் போதும் என்றார். அரிசித் தட்டுப்பாட்டில் ரேஷன் கோதுமை தின்று சலித்த குடும்பம் எங்களுடையது. அரிசி இருக்கக் கோதுமை தின்பதை இழிவாக எண்ணினோம். அண்ணி அவர்கள் எவர் பேச்சையும் பொருட்படுத்தாது அளந்தே கடைக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் அண்ணனின் கால் எரிச்சல் தணிந்தது.

அவ்வேளையில் கடைப் பொறுப்பு என் கைக்கு வந்தது. ஊரிலிருந்து வந்த மாமா ஒருவர் பந்தியில் அண்ணனின் இலையை நோக்கினார்.

"என்ன மருமவனே, கோழிக்கு வச்ச மாதிரி இருக்கு? கடைச் சாவி தம்பி இடுப்புக்குப் போனதும் சோறும் அளவாப் போச்சோ?"

"டாக்டர் சொன்னது மாமா" என்றார்கள் அண்ணன்.

எங்கள் தையற்காரர் குறுக்கிட்டார். "இன்னா பெரியவரே, கீரை ஒரு கட்டு கீதே, அது கண்ணுல படலியா?"

எல்லாரும் சிரித்தனர். என்னால் இயலவில்லை. மறுநாள் என் கேரியரிலிருந்து இரண்டு கரண்டிச் சோற்றை அண்ணன் இலையில் வைத்தேன்.

"வேண்டாம்டே."

"நாலு பேரு பாக்காங்கண்ணே. எனக்குத்தான அசிங்கம்?"

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உண்டார்கள். அன்றுமுதல் நாள்தோறும் வைத்தேன். அவர்களும் மறுக்கவில்லை. அது பசிக்கு உண்ட சோறன்று. என் கௌரவத்துக்காக உண்டது.

காலில் வந்த சிறு புண் ஆறவில்லை. வீட்டில் அளவு தவறியிருக்கிறது என்றார் மருத்துவர். மருத்துவமனையில் உறவினர் சூழ்ந்துகொண்டு, "அளந்து போட்டியா, அள்ளிப் போட்டியா?" என்று அண்ணியைக் கேட்டனர். "கிண்ணத்துலதான் போட்டேன்" என்று அண்ணி அழுதார்கள். நான் வெந்நீர்க் குடுவையோடு அருகில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அண்ணனும் இறுதிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காரியத்தன்றும் அப்பழி அண்ணி மீதே இருந்தது.

நோய்க்காலத்தில் தோள்கொடுத்த கடைப் பணியாளர், அண்டை வீட்டார், மருத்துவர் அனைவருக்கும் எங்கள் நன்றி. அண்ணி அவர்களிடம் நன்றி கூறும் தகுதி எனக்கில்லை. அளவு தவறியது அவர்கள் கையால் அன்று, என் கையால்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதனை அண்ணி அவர்களிடம் படித்துக் காட்டினேன்.

"அந்த இடத்த எடுத்துருங்க தம்பி. அவியளே சொல்லல, நீங்க ஏன் சொல்லுதிய?" என்றார்கள்.

நான் எடுக்கவில்லை. பெரியோர்களே, இந்த ஏட்டைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.