தேயிலைப் பஞ்சு அடைத்த இருக்கை

நான் செய்த திருட்டுக்காக ஒரு பெண்ணைத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். அவளை விசாரித்தபோது நானும் அதே அறையில், கையில் பேனாவோடு, வாய் திறக்காமல் நின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் காரணங்கள் முந்திக்கொள்ளும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சாலைக் கிளாக்கராக இருந்தேன். ஓரிடத்தில் தரிக்காத மனம் எனக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை மறித்தது. அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன் என் பள்ளித் தோழன். அவனுக்கும் இதே நோய். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கழித்துவிட்ட பழைய மோட்டார் காரை இருவருமாக வாங்கினோம். இறம்பொடை வழியாக இறங்கி, கண்டி, தம்புள்ளை, அநுராதபுரம் தாண்டி, காட்டுப் பாதையிலேயே மன்னார்க் கடல்வரை போவது திட்டம்.

கையில் இருந்ததெல்லாம் காருக்கே போய்விட்டதால் மற்றவற்றைக் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றினோம். தோட்டத்துக் கொல்லன் காரின் அடியிலிருந்த ஸ்பிரிங் வில்லுக்கு இன்னொரு பட்டை சேர்த்துக் காரைச் சற்று உயர்த்தித் தந்தான். மண்ணெண்ணெய்த் தகரங்கள் தண்ணீருக்கு. சேற்றில் சக்கரம் வழுக்காமல் சுற்றிக்கட்டக் கயிறு. உடைந்த தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை உட்புறம் ஒட்டி, அரிசியும் தீப்பெட்டியும் நனையாதபடி ஒரு பெட்டி செய்தேன். கூரைக்கு மெழுகு தேய்த்த சாக்கு.

இருக்கைகள்தான் மிச்சம். கிழிந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தேயிலை சலிக்கும்போது பஞ்சுபோல் பறந்து தரையில் படியும் கழிவை எங்கள் தொழிற்சாலையில் கூட்டி, எடைபோட்டு, சுண்ணாம்பு கலந்து குழியில் புதைப்பார்கள். வெளியே போனால் கடைத் தூளில் கலந்துவிடுவார்களென்று அதற்கும் காவல். எப்படியும் மண்ணுக்குள் போகிற குப்பைதானே என்று நினைத்தேன். எடைபோட்ட பிறகு, குழிக்குப் போகுமுன், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து இரண்டு இருக்கைகளையும் அடைத்தேன். மெத்தென்று இருந்தது.

குழிக்குப் போகும் கழிவு குறைந்ததால் சுண்ணாம்பு மிஞ்சிக்கொண்டே வந்ததைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் கவனித்துவிட்டார். சாக்குகளைக் குழிக்குச் சுமந்தவள் கூட்டுகிற பெண்; சந்தேகம் அவள்மேல் விழுந்தது. நாற்பது வயது இருக்கும், கணவன் இல்லை. ஒரே மகள் அதே தோட்டத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டு, நிறைமாதமாக இருந்தாள். தாயின் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உதறச் சொன்னார்கள். தூள் கொட்டியது. நாளெல்லாம் தூளைக் கூட்டுகிறவளின் சாக்கில் வேறென்ன கொட்டும்?

அவள் தனக்காகக் கெஞ்சவில்லை.

"மகளுக்குப் பேறு ஆகட்டுங்க தொரை. அதுக்கப்புறம் நானே போயிர்றேன்."

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலை பிரிக்க எல்லோரும் வரிசையாக நிற்கையில், அவளுக்குப் பத்துச்சீட்டு, இனி வேலை இல்லை என்று அறிவித்தார்கள். அது கிடைத்தவர் தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்யவேண்டும். பிறகு தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தால் பொலிஸ்.

இத்தனைக்கும் பிறகு, அந்த வாரமே, நான் பயணம் கிளம்பினேன். தூரம் போனால் விட்டுப்போகும் என்று எண்ணினேன் போலும். இறம்பொடையில் மழை பிடித்தது. மெழுகுச் சாக்கு ஒழுகி, பஞ்சு ஊறி, கார் முழுக்கத் தேயிலை வாடை. இறங்கிப் பார்த்தால் எங்கள் வெள்ளைக் கால்சட்டைகள் பின்புறம் சாயம் ஏறியிருந்தன.

"சீனி மட்டும் போட்டா குடிச்சிரலாம்டா" என்று தோழன் சிரித்தான்.

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. வண்டியைத் திருப்பச் சொன்னவன் அவன்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

எங்கள் தோட்டத் துரையிடம் போய்ச் சொன்னேன். என்னையும் நீக்கினார். அவளைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்; பெரட்டில் சொன்னதை மாற்றினால் நாளைக்கு யார் பயப்படுவார்கள் என்று கேட்டார்.

அட்டனுக்கு அப்பால் வட்டவளையில், தன் அண்ணனின் லயத்தில் அவள் ஒண்டியிருந்தாள். இருக்கைகளைப் பிய்த்தெறிந்துவிட்டு, பலகை போட்ட காரோடு போய் நின்று, அம்மா என்று முதல்முறையாக அழைத்து, நடந்ததைச் சொன்னேன். மகளிடம் கூட்டிப்போகிறேன் என்றதும் ஏறினாள். பலகையில் உட்காராமல் பின்னால் தகரங்களுக்கு நடுவே தரையில் குந்திக்கொண்டாள்.

தோட்ட எல்லையில் ஒரு மதகு. அதுவரை அரசாங்க ரோடு. எங்கள் இருவருக்கும் அதற்குமேல் போக அனுமதியில்லை. சொல்லியனுப்பினோம். மகள் மெல்ல நடந்து வந்தாள், கையில் குழந்தையோடு. முந்தாநாளே பிறந்துவிட்டிருந்தது.

திரும்புகையில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீங்க தொரைகிட்ட சொன்னது சரிதாங்கய்யா. ஆனா எம்மக வலியில கத்துனப்ப நான் அண்ணன் வீட்டுலதானே கெடந்தேன்."

வேறு வேலை தேடிக்கொண்டே, ஞாயிறுதோறும் அவளை அந்த மதகுக்கு அழைத்துப்போனேன். தாயும் மகளும் ரோட்டோரம் உட்கார்ந்து பேசுவார்கள். நான் காரைச் சுற்றி நடப்பேன், ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணிகளை இன்னும் இறுக்குவேன். மன்னார் நினைவே வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஒரு ஞாயிறு வட்டவளையில் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன். அவள் வரவில்லை. அவளுடைய அண்ணன் வந்தார். மகளும் மருமகனும் அந்தத் தோட்டத்தில் முறைப்படி விலகி, இறம்பொடைப் பக்கம் வேறு தோட்டத்தில் பெயர் பதிந்து, அவளையும் கூட்டிக்கொண்டு புதன்கிழமையே போய்விட்டார்களாம்.

எனக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போனாளா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். "பஸ்ஸுலதான் போனாங்க."