ஏரிக்கரைக்கு என்று சொன்னேன்

நான்கு வருடங்களுக்கு முன், பெப்ரவரி மாத நீண்ட வார இறுதியில் ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் என் மகள், அம்மாவுக்கு மலை காட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் இருபது வருடமாக ஸ்னோ அள்ளுகிறவள் நான். பனியைப் பற்றி இவள் எனக்கு என்ன சொல்லித்தருவது என்ற நினைப்பு.

அவளோ புறப்பட முன் பனிச்சரிவு எச்சரிக்கையைப் போனில் மூன்று தரம் வாசித்தாள். நாங்கள் போன இடத்தில் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் காட்டுப் பாதை.

"லேக் பக்கம் வேண்டாம் அம்மா. மேல இருக்கிற சரிவு இண்டைக்கு டேஞ்சர். காட்டுக்குள்ளால போவம்" என்றாள்.

அந்தச் சரிவை அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைவெளேரென்று அழகாகக் கிடந்தது. இதற்கா இவ்வளவு பயம் என்று நினைத்தாலும் காட்டுப் பாதைக்கே ஒத்துக்கொண்டேன்.

மகள் கழிவறைக்குப் போன நேரம், பக்கத்துக் காரில் மனைவியோடு வந்திருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். எனக்குச் சுரீரென்றது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் ரியூசனுக்குப் போன காலமெல்லாம், சென்றிச் சாவடியில் காவல் நின்ற ஆமிக்காரனுக்கு இதே மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லி வளர்ந்தவள் நான். உள்ளதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். சின்னதாக எதையாவது சொல்லிவிட்டுக் கடந்துவிட வேண்டும். போதாததற்கு, புறப்படும் நேரத்தில் எங்கே என்று கேட்கிறாரே என்ற எரிச்சல் வேறு. ஏரிக்கரைக்கு, இரண்டு பேர், ஒரு மணி நேரம் என்றேன். அவர் முகம் மாறியது. சரிவுக்குக் கீழே இருக்கும் தூரத்துக் கரைக்கு மட்டும் போகவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். மகளிடம் இதைச் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

காட்டுக்குள் மூன்று மணி நேரம் ஆனந்தமாக நடந்தோம். திரும்பி வரும் வழியில், மரங்களுக்கு அப்பால் லொறியில் கல் கொட்டுவது போல ஓர் இரைச்சல். மகள் அப்படியே நின்றுவிட்டாள். ஏரிப் பக்கம் பனி இறங்கிவிட்டது என்றாள். நல்ல வேளை நாங்கள் அங்கே இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது அந்த மனிதரின் மனைவி, கையில் வோக்கி டோக்கியுடன் ஏரியைப் பார்த்தபடி நின்றார். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. அவர்கள் தங்கள் நடையை முடித்துக்கொண்டு வந்தபோது எங்கள் கார் நின்றிருக்கிறது, ஏரிக்கரைக்கு என்று சொன்ன ஆட்களைக் காணவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவே சரிவு இறங்கியிருக்கிறது. பனிக்குள் புதைந்தவர்களுக்கு நிமிடக் கணக்குத்தானாம். மீட்புக் குழுவுக்கு அறிவித்துவிட்டு, அந்தக் குழு வரும்வரை பொறுக்காமல், எங்களைத் தோண்டி எடுக்கக் கணவர் தனியே போய்விட்டாராம்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "ஏனம்மா லேக் எண்டு சொன்னீங்கள்? இன்னொண்டு இறங்கினா அவர் அதுக்குள்ள."

அந்த அம்மா வோக்கி டோக்கியில் கணவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. என் வாழ்க்கையில் போர்க்காலத்துச் செல்லடிக்குப் பதுங்கியிருந்த நேரங்கள் உண்டு. அப்போதெல்லாம் என் உயிருக்குத்தான் பயந்தேன். என்னால் ஒரு உயிர் போய்விடுமோ என்று நடுங்கி நின்றது அந்த அரை மணி நேரம்தான்.

கடைசியில் அவர் குரல் கேட்டது. அந்த அம்மா அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் இடுப்புவரை நனைந்து வந்து சேர்ந்தார். நான் பொய் சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். நீங்கள் அங்கே இல்லாமல் போனீர்களே, அது போதும் என்றார். அவர் மனைவிதான் கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நியாயமென்றே இன்றும் நினைக்கிறேன்.

நான் சொல்வதையெல்லாம் சந்தேகப்பட்டவர்களிடமே பதில் சொல்லிப் பழகியவள் நான். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை அப்படியே நம்பி உயிரைப் பணயம் வைக்கவும் ஒரு மனிதர் இருப்பார் என்பது, அந்தச் சொல் பொய்யாக இருந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.