குளூம் என்ற சொல்லும் சரோஜாவின் முகமும்

சாயங்காலமானால் எங்கள் வீட்டு பல்புக்குள் இருக்கும் கம்பி மட்டும் செக்கச்செவேலென்று தெரியும். வெளிச்சம் வராது...

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டி அப்படித்தான். சுற்றுவட்டாரக் கிணறுகளில் எல்லாம் மோட்டார் ஓடும் நேரம், வோல்டேஜ் இறங்கிவிடும். அந்த மோட்டார்கள் எரிந்துபோனால் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதுதான் என் பிழைப்பு என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்த பல்புக்கு அடியில்தான் இங்கிலீஷ் படித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. சேலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த டிக்‌ஷனரிதான் வாத்தியார். ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று அதில் போட்டிருக்கும்.

அந்த வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கம்பைநல்லூரில் என் மனைவி சரோஜாவின் தம்பிக்குக் கல்யாணம். வீட்டு மாப்பிள்ளையை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து அழைப்பதுதான் முறை. அவர்கள் பஸ் கண்டக்டரிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார்கள். போக முடியாது என்று சொல்லிவிட்டேன். அவளையும் தனியாக அனுப்பவில்லை. சண்டை போடாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் டிக்‌ஷனரியில் 'குளூம்' (gloom) என்ற சொல்லைப் பார்த்தேன். மங்கல், இருட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முதலில் அது கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொள்வதைத்தான் குறித்ததாம். முகத்திலிருந்துதான் பிற்பாடு இருட்டுக்குப் போயிருக்கிறது. இல்லை என்பவர்களோடு இன்றும் வாதாடத் தயார்.

சந்தோஷம் தாங்கவில்லை. கேட்க வேறு ஆள் இல்லாததால் அவளிடமே சொன்னேன்.

"மொதல்ல மூஞ்சி, அப்பறந்தான் வூடு இருட்டுச்சுன்னு வெள்ளக்காரனே எழுதி வெச்சிருக்கறான். நீங்க பல்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறீங்க," என்றாள்.

தட்டு வைத்து அழைக்கவில்லையே என்று முணுமுணுத்தேன்.

எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க தம்பிக்கு நாளைக்குக் கல்யாணமுங்க மாமா. குடும்பத்தோட வந்துருங்க."

சிரிக்கவே இல்லை அவள். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டேன்... விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம்.

அவர்கள் செய்தது தப்புதான். அதில் இன்றும் மாற்றமில்லை.

இப்போது எல்லாப் பத்திரிகையும் போனிலேயே வந்து விழுகிறது. கொண்டுவந்து தர ஒரு கண்டக்டர்கூட இல்லை. முறையாக அழைக்காத இடத்துக்கு வரமாட்டேன் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரோஜாவுக்கு முட்டி வலி. தட்டோடு எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகிறது... காத்திருக்கிறேன்.