‘பார்த்தேன்’ என்று சொல்லிவிட்டேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதக் காலை, ஆரல்வாய்மொழியில் இருந்த திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச் சவுக்கையின் முன்னால் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இப்போது எண்பது முடிய நான்கு மாதம் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் இன்று மட்டும் மூன்று முறை மறந்துவிட்டது. அந்தக் காலை மறக்கவில்லை.

எங்கள் சபையிலிருந்து ஒரு தம்பதியர் ஓராண்டு ஊழியத்துக்கு வெளிநாடு போகிறார்கள். போன வாரம் என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். கொதிக்கவைத்த தண்ணீர், காய்ச்சல் மருந்து, காலுக்கு அளவான செருப்பு என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பாவம். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அன்று போதகருக்குத் துணையாகச் சபைகளில் வேதம் சொல்லும் உபதேசியாராக இருந்தேன். நாஞ்சில் நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயிருந்த நம் ஆட்களிடையே ஓராண்டு ஊழியம் செய்ய எங்கள் சபைகள் என்னை அனுப்பின. அனுப்பியது யார் என்றால், பெண்கள். வேளாவேளைக்கு உலை வைக்கும்போது அரிசியில் ஒரு பிடியைத் தனியே ஒரு பானையில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை வேதக்கோயிலுக்குக் கொண்டுவந்து அளப்பார்கள். அந்தப் பிடியரிசியில்தான் நான் கடல் கடந்தேன்.

என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. அது ஒரு வியாதி. அந்த ஓராண்டில் அறுபத்துநான்கு தோட்டங்களுக்குப் போனேன். முந்நூற்றுப் பதினொரு பிரசங்கம் செய்தேன். ஒருநாள் மழையில் என் இரண்டு கால்களிலும் சேர்த்து இருபத்தேழு அட்டை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, குழந்தை எத்தனை என்று படுக்கும்முன் நோட்டில் எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது. அந்த நோட்டில் இல்லாதது ஒன்றே ஒன்று. ஒரு மனிதனின் பெயர்கூட அதில் இல்லை.

திரும்பி வந்ததும் சபை சபையாகப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும், அது வழக்கம். இருபத்துமூன்று சபைகள். ஒன்பதாவது சபை இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில், கடற்காற்று ஓலைக் கூரையைப் பிடித்து உலுக்கும் ஒரு சிறிய கோயில். நான் எண்ணிக்கைகளைச் சொல்லச் சொல்ல மூப்பர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முடித்ததும், பாயில் இருந்த பெண்களுக்குள்ளிருந்து ஒரு தாய் எழுந்து நின்றாள்.

“உபதேசியாரே, எனக்க மொவனும் அங்கனதான் இருக்கான். எட்டு மாசமா காயிதம் இல்ல. நல்ல ஒயரமா இருப்பான். எடது புருவத்துல ஒரு வெட்டு உண்டு. பாட்டுப் படிச்சா கூரை பிரிஞ்சு போவும். நீங்க அவனப் பாத்தியளா?”

கூரை பிரியும் என்றதும் சிரிப்பு எழுந்தது. அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அங்கே நான் இரண்டு நாள் தங்கியிருக்கிறேன். நாற்பத்தொரு பேர் ஜெபத்துக்கு வந்தார்கள். அதில் நான்கைந்து பேர் உரக்கப் பாடினார்கள். அவர்களில் ஒருவனாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அறுபத்துநான்கு தோட்டம் என்று இப்போதுதான் மார்தட்டியிருக்கிறேன். போதகர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தாயின் பிடியரிசியும் என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. தெரியாது என்று எப்படிச் சொல்வது?

“பார்த்தேன்” என்றேன்.

“ஆளு எப்படி இருக்கான்?” என்று ஒரு மூப்பர் கேட்டார்.

“கொஞ்சம் மெலிஞ்சிருக்கான். சுகந்தான்.”

“அம்மையக் கேட்டானா?”

“கேட்டான்.”

மூன்று கேள்வி, மூன்று பொய், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாசல் நிலையருகே இடுப்பில் பெண் குழந்தையோடு ஒரு இளம்பெண் நின்றிருந்தாள். அவள்தான் மருமகள் என்று யாரோ சொன்னார்கள். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு நாள் கழித்து நான் பூதப்பாண்டியில் இருந்தேன். காலை எட்டரை மணி இருக்கும், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன். இராஜாக்கமங்கலத்துப் பக்கமிருந்து கருப்பட்டி விற்க வந்த வியாபாரி ஒருவர் என்னை அடையாளம் கண்டு, வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“உபதேசியாரே, நீங்க ஒரு வார்த்த சொன்னாலும் சொன்னிய, அந்த வீட்டுக்கு உயிரு வந்துட்டு கேட்டியளா! மருமவ ரெண்டு ஆட்டயும் வித்துட்டா. லேஸு பின்னப் போற எடத்தயும் விட்டுட்டா. இன்னைக்கு நாகர்கோயில்லருந்து பத்து மணி மோட்டார் வண்டில பிள்ளயத் தூக்கிட்டு மாப்பிளகிட்ட போறா. மாமியாரு திருநெல்வேலி வரைக்கும் கொண்டு விடுதா.”

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த வியாபாரிக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. புருஷனைத் தேடிப் போய், அவன் குடியிருந்த லயத்து அறையில் வேறு குடும்பம் இருப்பதைக் கண்டு, திரும்பக் கப்பல் ஏற வழியில்லாமல் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்களை நான் கண்ணால் கண்டவன். பதினொரு பேர். அவர்களையும் எண்ணித்தான் வைத்திருந்தேன். பன்னிரண்டாவது ஒருத்தியை என் வாயாலேயே அனுப்பியிருக்கிறேன். மிஷனில் கூலிக்கு லேஸ் பின்னும் இடத்தை ஒருமுறை விட்டால் மறுபடி கிடைக்காது. திரும்பி வந்தாலும் அவளுக்கு இங்கே பிழைப்பு இல்லை.

நாகர்கோவிலுக்கு நடந்தால் வண்டி போய்விடும். ஆனால் எந்த வண்டியும் ஆரல்வாய்மொழிச் சவுக்கையில் நின்றாக வேண்டும். மூட்டை முடிச்சைப் பிரித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். வயல் வரப்பு வழியாக மலையடிவாரத்தை ஒட்டிப் போனால் பிடிக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வரப்பில் வழுக்கி இரண்டு தடவை சேற்றில் விழுந்தேன். ஒரு செருப்பு போயிற்று. அடிகளை எண்ணிக்கொண்டே போனேன். நாலாயிரத்துச் சொச்சத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது. என் வாழ்க்கையில் எண்ணிக்கை தப்பியது அதுதான் முதல் முறை. தோவாளை தாண்டியதும் எதிர்க்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று ஆளைப் பின்னால் தள்ளும். வண்டி போய்விட்டதா, வரவில்லையா என்று தெரியாமலே அந்தக் காற்றுக்குள் கடைசி ஒரு மைலைக் கடந்தேன்.

வண்டி நின்றிருந்தது. எல்லோரும் இறங்கி வரிசையாக நின்று மூட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்த கண்டக்டர் சிரித்தான்.

“என்ன உபதேசியாரே, ஓடிவாற ஓட்டத்தப் பாத்தா உலகம் இன்னைக்கே முடியும் போலுக்கே!”

தாயும் மருமகளும் ஒரு தகரப் பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார்கள். தாயின் முகம் மலர்ந்தது. வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். அந்த மலர்ச்சியைப் பார்த்தபோது திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அதை மறைக்கமாட்டேன்.

“நான் உங்க மகனைப் பார்க்கவில்லை” என்றேன்.

“என்ன சொல்லுதிய? மெலிஞ்சிருக்கான்னு நீங்கதானே சொன்னிய?”

“சொன்னேன். பொய்.”

“அம்மையக் கேட்டான்னு சொன்னீரே?”

“அதுவும் பொய்.”

“கோயிலுக்குள்ள நிண்ணுக்கிட்டு, வேதத்தக் கையில வச்சுக்கிட்டா நீ பொய் சொன்னே?”

நீங்க, நீர், நீ. மூன்றே வாக்கியத்தில் நான் இறங்கிவிட்டேன். இறங்கவேண்டிய இடம் அதுதான். தாய் அப்படியே தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மருமகள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

“அவிய செத்துட்டாவன்னு ஏதாம் கேட்டியளா?”

“இல்லை.”

“வேற பொண்ணு கெட்டிருக்காவன்னு?”

“இல்லை.”

“அப்ப உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அப்படித்தானே?”

“தெரியாது.”

“இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்க ஆடாவது மிஞ்சியிருக்கும்.”

போகவேண்டாம் என்று கெஞ்சினேன். அங்கே நான் கண்ட பதினொரு பெண்களைப் பற்றிச் சொன்னேன். உன் பழைய இடத்துக்காக யார் காலில் விழவும் நான் தயார் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

“அத்தே, நான் போறேன். எட்டு மாசம் தெரியாமலே கெடந்தாச்சு. இனியும் அப்படிக் கெடக்க என்னால ஏலாது. இருந்தா இருக்காவன்னு எழுதுதேன். இல்லன்னா இல்லன்னு எழுதுதேன்.”

“ஏறுதியளா இல்லியா? வண்டிய என்ன எனக்க வீட்டுக்கா ஓட்டுதேன்?” என்று கண்டக்டர் கத்தினான்.

நான் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். கடைசித் தாள்களில் எந்தத் தோட்டத்துக்கு எந்த ஸ்டேஷனில் இறங்கவேண்டும், அங்கிருந்து எத்தனை மைல், வழியில் தண்ணீர் எங்கே என்று எழுதியிருந்தேன். அவற்றைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவள். முதல் இரண்டு வரியை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள்.

“இதாவது மெய்தானா?”

“இது மெய்.”

தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஏறினாள். வண்டி கணவாய்க்குள் போய் மறைந்தது.

மாமியார் அதற்குமேல் போகவில்லை. வெகுநேரம் அங்கேயே இருந்துவிட்டு நாகர்கோவில் பக்கம் நடக்கத் தொடங்கினாள். நான் இருபதடி பின்னால் ஒற்றைச் செருப்போடு நடந்தேன். ஒழுகினசேரி வந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “பொறத்தால வராதே.” நின்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஓலைக் கோயிலில் எழுந்து நின்று, பொய் சொன்னதை அறிக்கை செய்தேன். ஆறு மாதம் பிரசங்க மேடை ஏறக்கூடாது என்றார் போதகர். நியாயம்தான். ஆனால் அந்தத் தண்டனை எனக்கு உறைக்கவே இல்லை. என் கவலை எல்லாம் தபாலில் இருந்தது. தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தாலே எழுந்துவிடுவேன். எனக்குக் கடிதம் வராது, வந்தால் அவர்கள் வீட்டுக்குத்தான் வரும் என்று தெரிந்தும் வாசலில் போய் நிற்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருக்குமோ, கப்பலேறுமுன் ஆளைச் சோதிக்கும் முகாமிலேயே நிறுத்தியிருப்பார்களோ, லயத்தில் இடம் இல்லாமல் எங்கே படுத்திருப்பாளோ. தொண்ணூற்றேழு நாள் இப்படிப் போயிற்று.

போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்த யோசனை இதுதான். போன இடத்தில் தலைகளை எண்ணாதீர்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், வீட்டுக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்று கேளுங்கள். திரும்பி வந்து நிற்கும்போது யாராவது எழுந்து கேட்பார்கள். அப்போது தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். கேட்கிறவருக்கு வலிக்கும்தான். பொறுத்துக்கொள்வார்.

தொண்ணூற்றெட்டாம் நாள் நடுப்பகலில் அந்தத் தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. அவள் ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் ஏழு பேராவது இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு ஆறு மைல் வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். உறை பிரிக்காத கடிதத்தை நீட்டினாள்.

“மத்தவங்க எனக்கு நோவுமேன்னு மாத்திப் படிப்பாவ. நீ ஒருக்கா சுட்டுக்கிட்டவன். படி. உள்ளத மட்டும் படி.”

பிரித்தேன். அவசரத்தில் உறையோடு தாளும் ஓரத்தில் கிழிந்தது.

நாங்கள் சுகம் என்று இருந்தது. அந்தத் தோட்டத்தில் அவர் இல்லை, வேறு எங்கோ போய்விட்டார் என்றார்கள் என்று இருந்தது. லயம் லயமாகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனேன், பதினெட்டாவது தோட்டத்தில் அவர் இருக்கிறார் என்று இருந்தது. தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வரியை என் கண் முதலில் பார்த்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

அவ்வளவுதான் என்று சொல்லி மடித்துக் கொடுத்திருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. அன்றைய சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள்.

“என்ன? படி.”

படித்தேன். மரம் சாய்ந்து நசுங்கிய அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், இதை ஊரில் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டுத்தான் எழுதாமல் இருந்தார், இப்போது நான் கொழுந்து எடுக்கப் போகிறேன், அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார், அத்தை அழக்கூடாது.

தாய் அழவில்லை. அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னாள்.

“உள்ளததானே படிச்சே?”

“ஆமா.”

“உயிரு இருக்குல்லா” என்றாள். கடிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

இது நடந்து ஐம்பத்துமூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. ஆனால் பொய்யன் என்று நாடறிந்த ஒருவனைத் தேடி ஆறு மைல் நடந்துவந்து, தன் மகனின் உயிரைச் சொல்லும் கடிதத்தை அவன் கையில் கொடுத்தாளே, அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவனாக இருக்கவேண்டும் என்ற பயத்தில்தான் நான் இன்றுவரை வாய் திறக்கிறேன்.