சுவிட்சிலிருந்து அழிக்கப்பட்ட பெயர்

கடல் ஊருக்குள் வந்த அடுத்த வருடம், முல்லைத்தீவில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. கணினிகளை எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் புதிய சுவிட்ச் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. பெட்டியைப் பிரித்ததும் அதை ஒழுங்கு செய்ததும் நான்தான். அதற்குள் நுழையத் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கினேன். எதையும் மாற்றும் அதிகாரம் எனக்கு மட்டும். என்னோடு வேலை செய்த தோழிக்குப் பார்க்க மட்டுமே அனுமதி.

அவள் தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து சைக்கிளில் வருவாள். மத்தியானச் சாப்பாடு எப்போதும் இருவரும் ஒன்றாகத்தான்.

"நீர் லீவில நிண்டா நான் என்ன செய்யிறது? என்னையும் உள்ளுக்க விடுமன்" என்றாள் ஒருநாள்.

அலுவலகப் பொறுப்பாளர் வேண்டாம் என்றார். அவரோடு வாதாடி, அவளுக்கும் முழு அதிகாரம் கொடுத்தேன்.

பிறகு அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக வவுனியா ஆஸ்பத்திரியில் பத்து நாள் நின்றேன். திரும்பி வந்த காலை, ஒரு கணினிக்கு இணைப்பு இல்லை என்றார்கள். சுவிட்சுக்குள் நுழைய என் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தேன். மறுத்தது. மூன்று முறை அடித்தேன், விரல்தான் பிசகுகிறது என்று நினைத்து. பக்கத்துக் கதிரையில் இருந்த அவள் தன் திரையிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தன் சாப்பாட்டிலிருந்து ஒரு பொரித்த மீனை எடுத்து எனக்கு வைத்தாள். நானும் சாப்பிட்டேன்.

பின்னேரம் பொறுப்பாளரிடம் போனேன்.

"நீங்கள் வெளிநாடு போக அலுவல் பாக்கிறியளாம். போகப்போற ஆளிட்ட சுவிட்சை எப்பிடி விடுறது? இனி அவாதான் பொறுப்பு."

"ஆர் சேர் சொன்னது?"

அவர் வெளியே, அவளுடைய மேசைப் பக்கம் பார்த்தார். என்னிடம் கடவுச்சீட்டுக்கூட இருக்கவில்லை.

நேரே அவளிடம் வந்தேன். "என்ர பேரை அழிச்சது நீரோ?"

"ஓம்."

"வெளிநாட்டுக் கதையும்?"

"எனக்கு இந்த வேலைய விட்டா வேற ஒண்டுமில்லை" என்றாள், திரையைப் பார்த்தபடி.

"சாப்பிடேக்க எண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீர் சாப்பிட்டிருக்க மாட்டீர்."

சுவிட்ச் இருந்த அறையின் பூட்டுக்கான திறப்பு இன்னும் என்னிடம்தான் இருந்தது. உள்ளே போய் அதில் நேரடியாகக் கேபிளைச் செருகினால், கொஞ்ச நேரத்தில் என் பெயரை மீண்டும் எழுதி, அவளுடையதை அழித்துவிடலாம். அழிக்கத்தான் மனம் சொன்னது. கதவுவரை போனேன். பிறகு திரும்பிவந்து திறப்பை அவள் மேசையில் வைத்தேன்.

அடுத்த மாதம் ஒட்டுசுட்டானில் கணினி படிப்பிக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் பஸ்ஸில் அவளைக் கண்டேன். பையைத் தூக்கி மடியில் வைத்து எனக்கு இடம் விட்டாள். ஊர்வரை நின்றபடியே வந்தேன்.